பக்கத்து வீட்டு டிவியும் மேல்வீட்டு நாற்காலியும்: அடுக்ககத்தில் சத்தத்தைத் தடுப்பது பற்றி

தாம்பரம் பக்கம் ஓர் அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு டிவி வசனம் படுக்கையறைச் சுவர் வழியாக வார்த்தை பிசகாமல் கேட்கிறது. மேல்வீட்டில் நாற்காலியை நகர்த்தினாலும் காலையில் கிரைண்டர் போட்டாலும் உங்கள் தலைக்குள்ளேயே நடப்பது போல இருக்கிறது. பில்டரிடம் போனால் "எல்லாம் ஐஎஸ் கோடு படிதான் சார் கட்டியிருக்கோம்" என்கிறார், அதாவது இந்தியத் தர விதிப்படி. இதற்கு அளவு என்று ஏதாவது இருக்கிறதா, பில்டரைக் கேட்க முடியுமா, சுவரில் ஃபோம் ஷீட் ஒட்டினால் சரியாகிவிடுமா என்பவை உங்கள் கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் ஆர்டர் போட்டுவிடக்கூடும். ஒட்டாதீர்கள். பிரமிடு பிரமிடாக இருக்கும் அந்தக் கறுப்பு ஃபோம், முட்டை அட்டை, தெர்மாகோல் எதுவும் பக்கத்து வீட்டுச் சத்தத்தை நிறுத்தாது. சத்தத்தை உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. கடைக்காரர்கள் இரண்டையும் ஒன்றாக்கி "சவுண்ட் ப்ரூஃப்" என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள்.

உறிஞ்சுவது என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். சாமான் இறக்குவதற்கு முன்னால் காலி ஃபிளாட்டில் பேசியபோது குரல் முழங்கியிருக்கும். கட்டில், மெத்தை, திரைச்சீலை எல்லாம் வந்ததும் அந்த முழக்கம் போய்விட்டது. இதைக் கணக்காக்கியவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895-இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேச்சே புரியவில்லை, ஒரு சொல் ஐந்தரை விநாடி வரை சுற்றிக்கொண்டிருந்தது. அவர் வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கி வந்து அடுக்கி, முழக்கம் எத்தனை விநாடி குறைகிறது என்று அளந்து பார்த்தார். மீட்டர் கணக்கில், அறையின் கனஅளவை அதிலுள்ள மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்து 0.161-ஆல் பெருக்கினால் முழக்க நேரம் வந்துவிடும். இன்றைக்கும் அந்தச் சூத்திரம்தான். பன்னிரண்டுக்குப் பதினொரு அடி படுக்கையறை காலியாக இருந்தால் கணக்குப்படி மூன்று விநாடி அளவுக்கு வரும். கட்டிலும் துணிமணியும் வந்தால் அரை விநாடிக்குச் சற்று மேல். ஃபோம் செய்வது இந்த வேலையைத்தான். உங்கள் அறைக்குள் பிறக்கும் சத்தம் உங்கள் அறையில் முழங்காமல் அது பார்த்துக்கொள்ளும். சுவரைத் தாண்டி வருவதை மறிக்க அதற்கு எடை கிடையாது, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் வீட்டில் இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. டிவி, பேச்சு, குழந்தை அழுகை எல்லாம் காற்றில் பிறந்து சுவரில் மோதி, சுவரை மெல்ல அதிரவைத்து, அந்தப் பக்கக் காற்றில் மறுபடி பிறக்கின்றன. நாற்காலி இழுப்பதும் கிரைண்டரும் தேங்காய் உடைப்பதும் அப்படியல்ல. அவை கட்டடத்தின் உடம்பையே நேராகத் தட்டுகின்றன. காற்றில் வரும் சத்தத்துக்கு மருந்து எடையும் ஓட்டையில்லாத அடைப்பும். தட்டிப் பிறக்கும் சத்தத்துக்கு மருந்து தட்டும் இடத்தில் ஒரு மெத்தென்ற அடுக்கு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் காசுதான் போகும். நான் பார்க்கப்போகும் வீடுகளில் பாதியில் இந்தத் தப்பு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

முதலில் சுவரை எடுத்துக்கொள்வோம். தடுப்பு என்று நான் சொல்வது, அந்தப் பக்கச் சத்தத்தில் இந்தப் பக்கச் சத்தத்தைக் கழித்தால் வரும் டெசிபல். சுவரின் எடை இரட்டிப்பானால் தடுப்பு ஏறக்குறைய 5, 6 டெசிபல் கூடும். காதுக்கு 10 டெசிபல் குறைந்தால்தான் சத்தம் பாதியானது போலத் தோன்றும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எடையை மட்டும் நம்பி வண்டி ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். இரண்டு பக்கமும் பூசிய ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு 480 கிலோ வரை இருக்கும், 50 டெசிபல் தடுக்கும். நாலரை இஞ்ச் சுவர் 45. இப்போது எல்லா சைட்டிலும் வரும் வெள்ளை நிற ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் அடைத்த லேசான கான்கிரீட் கட்டி) சுவர் 200 மில்லிமீட்டர் தடிமன் இருந்தாலும் பூச்சோடு சேர்த்து 170 கிலோதான். தடுப்பு 45-ஐ ஒட்டி நிற்கும். நாலு இஞ்ச் ஏஏசி என்றால் 40 பக்கம்.

ஏஏசி பிளாக் மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. பில்டருக்குக் கட்டட எடை குறைகிறது, வேலை வேகமாகப் போகிறது, நமக்கு மேற்குச் சுவரில் வெயில் குறைவாக இறங்குகிறது. ஆனால் "ஹீட் ப்ரூஃப், சவுண்ட் ப்ரூஃப்" என்று ஒரே மூச்சில் சொல்லி விற்கிறார்களே, அதைத்தான் நம்பக் கூடாது. வெயிலைத் தடுப்பது உள்ளே அடைபட்ட காற்றுக் குமிழிகள். அந்தக் குமிழிகளால்தான் பிளாக் எடை குறைகிறது, எடை குறைவதால் சத்தம் உள்ளே வருகிறது. ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு அறைகளுக்கு நடுவே என்றால் தாராளமாகப் போடலாம். இரண்டு குடும்பங்களுக்கு நடுவே இருக்கும் பொதுச்சுவருக்கு ஒற்றை அடுக்கு ஏஏசி போதாது என்பது என் அபிப்பிராயம்.

இந்த எண்கள் காதுக்கு எப்படி இருக்கும்? ராத்திரி, வீடு அமைதியாக இருக்கும்போது பார்த்தால், 35 டெசிபல் தடுப்பில் பக்கத்து அறைப் பேச்சு புரியும். 40-ல் யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், குரல் உயர்ந்தால் சொல்லும் பிடிபடும். 45-ல் உரக்கப் பேசினால் முணுமுணுப்பாகக் கேட்கும். 50-ஐத் தாண்டினால் சாதாரணப் பேச்சு காதில் விழாது, சண்டை போட்டால் மட்டும் தெரியும். உங்களுக்கு வசனம் வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது என்றால் அந்தச் சுவர் 40-க்குக் கீழே வேலை செய்கிறது. எட்டு இஞ்ச் ஏஏசி சுவரே 45 கொடுக்க வேண்டிய இடத்தில் 40-க்குக் கீழே போகிறது என்றால், எங்கேயோ ஓட்டை இருக்கிறது.

ஓட்டை விஷயத்தை நம் ஆட்கள் ரொம்பச் சாதாரணமாக நினைக்கிறார்கள். சுவர்ப் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் இரும்பாகவே இருந்தாலும் மொத்தத் தடுப்பு 30 டெசிபலைத் தாண்டாது. பத்து சதுர மீட்டர் சுவரில் அது பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் ஓட்டை, அதாவது ஒரு ஸ்விட்ச் பாக்ஸ் அளவு. சொல்லி வைத்தது போல, பொதுச்சுவரில் எலக்ட்ரீஷியன் வெட்டுவதும் அதைத்தான். ஒரு வீட்டில் கட்டில் தலைமாட்டில் இருந்த ஸ்விட்ச் பிளேட்டைக் கழற்றச் சொன்னேன். கழற்றியதும் உள்ளே பாக்ஸின் பின்பக்கத் துளை வழியாக மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கத்து வீட்டு அம்மா "யாரு, வயர் வேலையா?" என்று கேட்டது போனில் பேசுவது போலத் தெளிவாக வந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே பிளான், கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டது. அதனால் இரண்டு பாக்ஸும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தன, நடுவே கலவை என்ற பேச்சே இல்லை. பாக்ஸை வெளியே எடுத்து, பின்னால் கலவை அடைத்து, ஓரங்களில் அக்ரிலிக் சீலன்ட் போட்டு மறுபடி வைத்ததில் அந்த வீட்டுக்காரருக்குப் பாதிக் குறை தீர்ந்துவிட்டது. செலவு ஒரு கொத்தனார் கூலிக்கு மேல் இல்லை.

இதே மாதிரி இன்னொரு இடம் ஏஏசி சுவரின் உச்சி. பீமுக்கோ ஸ்லாபுக்கோ அடியில் ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் கட்டுவார்கள், ஸ்லாப் தொய்ந்து சுவரை அமுக்கக் கூடாதே. அதைப் பிறகு ஒழுங்காக அடைக்க வேண்டும். அவசரத்தில் மேலாகப் பூசி மூடிவிடுகிறார்கள். ஃபால்ஸ் சீலிங் போட்ட வீடு என்றால் அதுவும் இல்லை, அந்த இடம் கண்ணிலேயே படாது. ஏசி பைப் போகும் துளை, பாத்ரூம் ஷாஃப்ட், லாஃப்டுக்குப் பின்னால் பூசாமல் விட்ட சுவர் எல்லாவற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வாசல் கதவுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் சந்து இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த தேக்குக் கதவானாலும் 23 டெசிபல்தான். காரிடார் சத்தம் ஏன் ஹாலுக்குள் வருகிறது என்பதற்கும் அதுவே பதில்.

இனி மேல்வீட்டு நாற்காலி. தரை எவ்வளவு சத்தத்தைக் கீழே அனுப்புகிறது என்று அளக்க ஒரு தட்டும் இயந்திரம் இருக்கிறது. அரை கிலோ எடையுள்ள ஐந்து சுத்தியல்கள் வரிசையாக, நாலு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, விநாடிக்குப் பத்து தடவை தரையில் விழும். கீழ் அறையில் எத்தனை டெசிபல் என்று அளப்பார்கள். இங்கே எண் குறைந்தால்தான் நல்லது, சுவருக்கு நேர் எதிர். அமெரிக்கக்காரர்கள் இதையும் தலைகீழாக்கி, கூடினால் நல்லது என்று வைத்திருக்கிறார்கள். பிராஷர் படிக்கும்போது எந்த ஊர் எண் என்று பார்க்காமல் போனால் குழப்பம் வரும்.

நம் ஊர் ஐந்து இஞ்ச் ஸ்லாப் வெறுமனே இருந்தால் இந்தக் கணக்கில் 77 வரும். ஆறு இஞ்ச் என்றால் 74, 75. இங்கிலாந்தில் புது வீட்டுக்கு உச்சவரம்பு 62. ஜெர்மனியின் டின் 4109 தரத்தில் அடுக்ககத் தரைக்கு 50. ஆக, நம் ஸ்லாபுக்கும் ஜெர்மன் வரம்புக்கும் நடுவே 25 டெசிபலுக்கு மேல் பள்ளம். ஸ்லாபை இன்னும் தடியாகப் போட்டு இதைத் தாண்ட முடியாது. மேலே ஒட்டும் விட்ரிஃபைட் டைல்ஸ் இதில் ஒன்றுமே செய்யாது. டைல்ஸ், கலவை, ஸ்லாப் எல்லாம் சேர்ந்து ஒரே கல்லாகி, நாற்காலிக் கால் உரசுவதை அப்படியே கீழே கொண்டுவரும். மேல்வீட்டில் ஆள் வைத்து அமர்க்களம் பண்ணுகிறார்கள் என்று நீங்கள் சந்தேகப்படலாம். பெரும்பாலும் அப்படியெல்லாம் இல்லை. அவர்கள் சாதாரணமாகத்தான் நடக்கிறார்கள்.

ஜெர்மனியில் இந்தப் பள்ளத்தைப் பெருமளவு மிதக்கும் தரையால்தான் அடைக்கிறார்கள். ஸ்லாப் மேல் ஒரு மெத்தென்ற அடுக்கு, அதன் மேல் இரண்டு இஞ்ச் கலவை, அதன் மேல் டைல்ஸ். கலவைத் தரை ஸ்லாபையும் தொடாது, சுவரையும் தொடாது, தொட்டிக்குள் மிதக்கும் பலகை மாதிரி. அடியில் நல்ல ஃபோமோ ரப்பர் ஷீட்டோ போட்டு ஒழுங்காகச் செய்தால் 20 டெசிபல் வரை குறையும். நம் ஊரிலும் இந்தப் பொருள் கிடைக்கிறது, செலவும் பயமுறுத்தும் அளவு இல்லை. பயமுறுத்துவது வேலை நடக்கும் விதம்தான்.

ஒரு சைட்டில் நானே நின்று பார்த்தது. ஷீட்டை விரித்து, சுவரோரம் சுற்றிலும் நாலு இஞ்ச் மேலே மடக்கி, டேப் ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனோம். அந்த மடிப்புதான் உயிர், கலவை சுவரைத் தொடாமல் தடுப்பது அதுதான். திரும்பி வந்து பார்த்தால் ஒரு அறையில் டைல்ஸ் போடும் தம்பி மடிப்பை பிளேடால் தரை மட்டத்துக்கு அறுத்து, நறுவிசாக எடுத்து, அந்த இடத்தில் கலவை இழுத்துவிட்டிருந்தார். "ஓரத்துல பிதுங்கிட்டு அசிங்கமா இருந்துச்சு சார்" என்றார். அவர் மேல் தப்பில்லை, ஸ்கர்ட்டிங் சுத்தமாக உட்கார வேண்டும் என்றுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கைக்கரண்டி கலவை பாலமாகிவிட்டாலும் மிதக்கும் தரை மிதப்பது நின்றுவிடும். அந்த அறையை உடைத்து மறுபடி போட்டோம். அதற்கப்புறம் நான் போகும் சைட்டில் மடிப்பை அறுப்பது டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான், ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவே அட்டை கனத்துக்கு இடைவெளி விட்டு சிலிக்கான் போடுவதுதான் என்று மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

இப்போது சட்டம். உங்கள் பில்டர் சொல்லும் ஐஎஸ் கோடு நிஜமாகவே இருக்கிறது. ஐஎஸ் 1950 என்பது அதன் எண், வந்தது 1962-இல், குடியிருப்பு போன்ற கட்டடங்களில் சத்தத் தடுப்பைப் பற்றியது. ஒரு வீட்டு ஹாலுக்கும் அடுத்த வீட்டு ஹால், படுக்கையறைக்கும் நடுவே 50 டெசிபல் தடுப்பு வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தக் காலத்தில் இது கஷ்டமே இல்லை, ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் கட்டினாலே வந்துவிடும். அடுத்து 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதில் எட்டாம் பகுதியின் நான்காவது பிரிவு முழுக்க ஒலியைப் பற்றியதுதான். வீட்டுக்குள் 35 முதல் 40 டெசிபலும், வகுப்பறையில் 40 முதல் 45-ம் ஏற்கத்தக்கது என்ற அட்டவணை அந்தத் தொகுப்பில் நெடுநாளாக இருந்துவருகிறது.

ஆனால் அந்தத் தொகுப்பு பரிந்துரைதான், மாநில விதிகளில் சேர்த்தால் ஒழியக் கட்டாயமாகாது. பிளான் அப்ரூவலுக்குப் போனால் செட்பேக் பார்ப்பார்கள், தளப்பரப்பு பார்ப்பார்கள், பார்க்கிங், தீயணைப்பு எல்லாம் பார்ப்பார்கள். கட்டி முடித்துச் சான்றிதழ் வாங்கும்போதும் சுவருக்கு ஒரு பக்கம் ஸ்பீக்கரும் மறுபக்கம் மைக்கும் வைத்து யாரும் அளப்பதில்லை. இங்கிலாந்தில் இது வேறு மாதிரி. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு புதுக் குடியிருப்பில் ஒவ்வொரு வகையிலும் பத்துக்கு ஒரு வீட்டையாவது அளந்து காட்ட வேண்டும். அளக்க வேண்டாம் என்றால், ஏற்கெனவே சோதித்துப் பதிவான சுவர், தரை அமைப்புகளை அப்படியே கட்ட வேண்டும். சுவருக்கு அவர்கள் கேட்பது குறைந்தபட்சம் 45. நம் 50-ஐ விடக் குறைவாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது கட்டிய வீட்டிலேயே அளந்த எண், அதிலும் பேஸ் (கனத்த, தாழ்ந்த சுருதி) சத்தத்துக்கென்று ஒரு கழிவைப் போட்ட பிறகு மிஞ்சுவது. அமெரிக்கக் கட்டட விதியிலும் இதே மாதிரி ஆய்வகத்தில் அளந்தால் 50, வீட்டில் அளந்தால் 45 என்று இரண்டு எண் உண்டு. ஆய்வகச் சுவரில் ஸ்விட்ச் பாக்ஸ் கிடையாது, பக்கவாட்டுச் சுவர் வழியாகச் சுற்றிவரும் சத்தமும் கிடையாது, அதனால்தான்.

பில்டரைக் கேட்க முடியுமா? 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டத்தில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) 14-ஆம் பிரிவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை இருந்து, ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் எழுதிக் கொடுத்தால், 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். உங்களுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. ஆனால் "சத்தம் கேட்கிறது" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. ஒப்பந்தத்தில் டெசிபல் எண் எதுவும் இருக்காது, எதை மீறியதாகக் காட்டுவீர்கள்? நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒப்பந்தத்தோடு தந்த ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தை எடுத்துப் பொதுச்சுவர் என்ன பொருள், என்ன தடிமன் என்று பார்ப்பேன். எட்டு இஞ்ச் பிளாக் என்று எழுதி நாலு இஞ்ச் கட்டியிருந்தால் அது நேரடியான குறை. முதுகோடு முதுகு ஒட்டிய பாக்ஸ், ஸ்லாபுக்கு அடியில் அடைக்காத இடைவெளி, பூசாத சுவர் இவையெல்லாம் போட்டோ எடுத்துக் காட்டக்கூடிய வேலைத்தரக் குறைகள். சத்தத்தைப் பற்றிப் பேசாமல் இவற்றைப் பற்றி எழுதுங்கள். ஸ்லாப் வழியாக வரும் நாற்காலிச் சத்தத்துக்குப் பில்டரைப் பிடிப்பது நடக்காத காரியம்.

தெருச் சத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. குடியிருப்புப் பகுதியில், வீட்டுக்கு வெளியே, பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. நம் ஊரில் பிரதான சாலையோர வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வழக்கமான ஸ்லைடிங் ஜன்னல் மூடியிருந்தால் 20, 25 டெசிபல் தடுக்கும், ரப்பர் கேஸ்கெட் வைத்து இறுக மூடும் ஜன்னலில் லேமினேட்டட் கண்ணாடி போட்டால் 30-க்கு மேல். ஆனால் ஜன்னலைத் திறந்துவிட்டால் எல்லாக் கணக்கும் பத்து, பதினைந்துக்கு வந்து நிற்கும். குளிர்நாட்டுத் தரங்கள் ஜன்னல் மூடியிருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை, நாம் காற்றுக்குத் திறந்து வைத்துப் பழகியவர்கள். திண்ணை, ரேழி, முற்றம் தாண்டி உள்ளறை என்று கட்டிய பழைய வீடுகளில் தெருவுக்கும் படுக்கைக்கும் நடுவே தூரம் இருந்தது. இப்போது தெருப்பக்கம் பால்கனியோடு மாஸ்டர் பெட்ரூம் வேண்டும் என்கிறோம்.

ஜெனரேட்டர் உங்கள் பக்கம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால், அதன் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலுக்கு மேல் வரக் கூடாது என்பது விதி, இதைச் சங்கத்தில் தைரியமாகக் கேட்கலாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் அளந்து பாருங்கள். போன் ஆப் துல்லியம் இல்லை, ஆனால் ஒரே போனில் இரண்டு அறையையும் அளந்து கழித்தால் ஓரளவு நம்பலாம். பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு, டிவியில் சேனல் வராதபோது இரையுமே, அந்த மாதிரி ஒரே சீரான சத்தத்தை உரக்க வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் அறையில் 85, உங்கள் அறையில் 47 என்றால் தடுப்பு 38. அந்தச் சத்தம் ஓடும்போதே அறையின் மூலைமுடுக்கெல்லாம் காதை வைத்துப் பாருங்கள், ஸ்விட்ச் பாக்ஸ், சீலிங் ஓரம், ஏசி துளை, ஜன்னல் சட்டம் என்று. எங்கே திடீரென்று சத்தம் கூர்மையாகிறதோ அங்கே முதலில் அடையுங்கள்.

அடைத்த பிறகும் போதவில்லை என்றால் இரண்டாவது சுவர். இருக்கும் சுவரைத் தொடாமல் ஒரு இஞ்ச் தள்ளி மெட்டல் ஸ்டட் (நிற்கும் உலோகச் சட்டம்) நிறுத்தி, நடுவே இரண்டு இஞ்ச் ராக் வூல் (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு) வைத்து, மேலே இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டை ஜாயின்ட் மாறி மாறி வரும்படி அடித்து, நாலு ஓரமும் சீலன்ட் போட வேண்டும். அறையில் நாலு இஞ்ச் போகும், 10 டெசிபலோ அதற்குக் கொஞ்சம் மேலோ கிடைக்கும். ஸ்டட்டைச் சுவரில் ஸ்க்ரூ போட்டு இறுக்குகிறேன் என்று கார்ப்பென்டர் சொல்வார். தரையிலும் சீலிங்கிலும் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள், சுவரில் ஒரு ஸ்க்ரூகூட வேண்டாம். அந்தச் சுவரில் மறுபடி ஸ்விட்ச் போர்டு வெட்ட விடாதீர்கள்.

மேல்வீட்டுச் சத்தத்துக்கு ஃபால்ஸ் சீலிங் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். என் நண்பர் ஒருவர் கேட்காமலே போட்டுவிட்டார். சாதாரண ஜிப்சம் சீலிங், இரும்புக் கம்பியில் ஸ்லாபிலேயே தொங்கவிட்டது, உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. நடக்கும் சத்தம் அப்படியே இருந்தது. கம்பி வழியாகவும் வந்தது, சுவர் வழியாகவும் இறங்கியது. ரப்பர் ஹேங்கர், ராக் வூல், இரண்டு அடுக்கு போர்டு என்று செய்தால் கொஞ்சம் குறையும், ஆனாலும் சுவர் வழியாக இறங்குவது மிச்சம் இருக்கும். கீழே இருந்து இதைத் தீர்க்க ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு கூட மேலே ஆகாது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். புகாராக வேண்டாம், "ஸ்லாப் இப்படிக் கட்டியிருக்காங்க, உங்க மேல தப்பில்லை" என்று ஆரம்பியுங்கள். நாற்காலி, டைனிங் டேபிள் கால்களுக்கு ஃபெல்ட் பேடு நீங்களே வாங்கிக் கொண்டுபோங்கள், தேய்ந்தால் ஒட்ட இன்னொரு செட்டும் சேர்த்து. கிரைண்டருக்கு அடியில் ஒரு இஞ்ச் கனமான ரப்பர் மேட் போதும், மேடையை ஒட்டிய சுவரில் கிரைண்டரின் பக்கம் இடிக்காமல் இரண்டு விரல் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் ஓடும் இடத்தில் கம்பளமோ தடித்த மேட்டோ போட்டால் கீழே 20 டெசிபல் வரை குறையும். அவர்கள் போடும்போது நீங்கள் கீழே உங்கள் அறையில் இருந்து, போனில் "இப்போ இழுங்க பார்ப்போம்" என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.